அளபெடை

பார்சலைப் பிரித்தால்
ஒரு கை அளவுதான் முழு வானொலியும்.
அரிசியில் கல் பொறுக்குகிறமாதிரிக் குனிந்திருந்து
நூற்றிநாலு என்று எழுதியதெல்லாம் ஒரு சோசரில்,
இருபத்திரண்டு இன்னொன்றில்.
ஒன்று உருண்டு அலுமாரிக்கு அடியில் போனது.
தும்புத்தடியால் தள்ளி எடுத்தேன்,
ஒரு சட்டைப் பொத்தானும் கூட வந்தது.

பகலில் எனக்கு மானிப்பாயில் பல்லுக் கட்டுகிற வேலை.
மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்குகிற கைக்கு
ஈயம் பெரிய வித்தையில்லை.
மினுங்கினால் சரி,
சாம்பல் பூத்தால் திரும்பச் சூடாக்கு.
கண்ணில் மாட்டுகிற லென்சை மட்டும்
கிளினிக்கில் சொல்லாமல்தான் கொண்டுவந்தேன்.
திங்கட்கிழமை துடைத்துத் திருப்பி வைத்தேன்.

சிவப்பு வளையத்தில் செப்புக் கம்பி.
ஓட்டைக்குள் ஒருதரம் நுழைந்தால் ஒரு சுற்று.
பதினாறு வேணும்.
பன்னிரண்டில்
மரியதாஸ் மதிலுக்கு மேலால்
"உங்கட தாங்கி நிரம்பி வழியுது" என்றார்.
மோட்டரை நிப்பாட்டிவிட்டு வந்து
அவிழ்த்து
ஒன்று.

எல்லாம் பூட்டி
மோட்டர்சைக்கிள் பற்றரியில் கொழுவினேன்.
ஒன்றுமில்லை.
இரைச்சல்கூட இல்லை.
மூன்று இரவு தேடினேன்.
நாலாம் நாள் பக்கத்து அறையில் டொக்டர்
ஒரு பெடியனை வெருட்டிக்கொண்டிருந்தா:
"எனாமல் போனால் பிறகு வராது, விளங்குதோ?"
கையில் இருந்த மெழுகை வைத்துவிட்டுச் சிரித்தேன்.
அந்தக் கம்பிக்கும் எனாமல்தான்.
சுரண்டாமலே பற்றவைத்திருக்கிறேன்.
ஐந்து வளையமும்
தொட்டுக்கொண்டே
தொடாமல் இருந்திருக்கின்றன.

தண்ணித் தாங்கியிலிருந்து வேம்பு வரைக்கும்
இருபது மீற்றர் வயர்.
ஒரு காலம்
ஒரு முழக் கம்பிக்கே பதில் சொல்லவேண்டியிருந்த ஊர்.
கொழும்பில் சோதனை எழுதி எடுத்த அனுமதிப் பத்திரத்தை
மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு
யாராவது கேட்பார்கள் என்று பார்த்திருந்தேன்.
கேட்டது மரியதாஸின் மனுசி மட்டும்:
"உடுப்புக் கொடியோ?"
கதையைச் சுருக்க, ஓம் என்றேன்.
அடுத்த நாள் அவவின் ஈரத் துவாய் ஒன்று
ஏழு மெகாஹேர்ட்சில் தொங்கியது.

குறிலுக்கு ஒரு மாத்திரை, சரி.
ஆனால் நெடிலுக்கு இங்கே மூன்று.
இலக்கணத்தில் அது அளபெடை.
எழுநூற்றி எண்பத்தெட்டாம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி
விரலால் அளபெடுத்துக்கொண்டு போனேன்.
கொண்டக்டர் மிச்சக்காசு கேட்கிறேன் என்று நினைத்தான்.

மற்றபடி எங்கள் ஒழுங்கை
ஓயாமல் இரைகிற ஒழுங்கை.
மரியதாஸின் எல்இடி, முன்வீட்டுச் சார்ஜர்,
யாரோ புதிதாய்ப் பூட்டிய சோலார் பெட்டி.
இதற்குள் ஒருவன் கூப்பிட்டால்
மணலில் சிந்திய உப்பு.

வெள்ளி இரவு எட்டே முக்காலுக்குக் கரண்ட் போனது.
ஒழுங்கை ஒரே குரலில் "சீ" என்றது.
ஹெட்போனுக்குள்
கடல் வற்றினால் கல்லெல்லாம் தெரிகிறமாதிரி
இரைச்சல் வற்றி
அடியில் ஒருவன்.
மெல்லிசாய், பிசகாமல், திரும்பத் திரும்ப.

கட்டாக்கிலிருந்து பிஜய்.
என்னிடம் இருந்தது மூன்று வாட்,
ஒரு சைக்கிள் டைனமோவின் வெளிச்சம்.
தட்டினேன்.
நாலு, நாலு, ஒன்பது என்று பதில் வந்தது.
பெயர் கேட்டான், கொடுத்தேன்.
ஊர் கேட்டான்.
யாழ்ப்பாணம் என்றிருந்தால் விளங்கியிருக்கும்.
கை அராலி என்றது.

திரும்ப, என்றான்.
எழுத்துக்கு எழுத்து மூச்சு விட்டுத் தட்டினேன்.
ஏ, ஆர், ஏ, எல் என்று
ஒவ்வொன்றாய்த் திருப்பித் தந்தான்.
வை-க்கு நெடில் வந்தது,
குறில் வந்தது,

கரண்ட் வந்தது.

பிரிட்ஜ் உறுமியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.
மரியதாஸ் மதிலுக்கு மேலால் "வந்திட்டுது!" என்றார்.
ஓம், என்றேன்.

இரண்டு நெடில் பாக்கி.